பால் கணக்குக்குப் பக்கத்தில் மாத்திரைக் கணக்கு

கேள்வி: எனக்கு 34 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான்கு வருடமாக ஒற்றைத் தலைவலி. முதலில் மாதம் இரண்டு மூன்று தடவை வரும். இப்போது தலைவலி இல்லாத நாளைத்தான் விரல்விட்டு எண்ண முடிகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால்தான் வேலைக்குப் போக முடியும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மாமியார், "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இப்படிப் படுத்துக்கறே?" என்கிறார். எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இது மனப்பிரமையா டாக்டர்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: இல்லவே இல்லை. கட்டி, ரத்தக்கசிவு போன்றவை இருந்தால் ஸ்கேன் காட்டும். ஒற்றைத் தலைவலி என்பது மூளையும் நரம்பும் வேலை செய்கிற விதத்தில் வரும் கோளாறு. அது படத்தில் விழாது. முகத்துக்கும் மூளையின் உறைக்கும் போகிற ட்ரைஜெமினல் நரம்பு தூண்டப்படும்போது சிஜிஆர்பி என்ற பொருளை வெளிவிடுகிறது. வலியைக் கிளப்பிவிடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதையெல்லாம் ஆராய்ந்து சொன்ன நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021-இல் மூளை ஆராய்ச்சிக்கான 'பிரெயின் பிரைஸ்' விருது கொடுத்தார்கள். உங்கள் மாமியாரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்தது அந்த மாத்திரைதான். எனக்கும் 17 வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி உண்டு. பயிற்சி மருத்துவராக இருந்தபோது கோட்டுப் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும், காஃபீன் சேர்ந்த வலி மாத்திரை. இரவு டியூட்டிக்கு முன்னால் ஒன்று, விடிந்ததும் ஒன்று. ஒருநாள் சீனியர் அம்மா ஒருவர், "மாசத்துல எத்தனை நாள் போடறே?" என்று கேட்டார். பத்து நாள் இருக்கும் என்றேன். எழுதிப் பார்க்கச் சொன்னார். மாதக் கடைசியில் எண்ணினால் 22 நாள்! மறைக்கவில்லை, உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வெறும் பாராசிட்டமாலை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் போன்றவை சேர்ந்த கலப்பு மாத்திரைகளையும் ஒற்றைத் தலைவலிக்கென்றே தரப்படும் சுமாட்ரிப்டான் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், அந்த மாத்திரையே தலைவலியைத் தினப்படி ஆக்கிவிடும். மாதம் மூன்றாக இருந்தது இப்படிப் பெருகியதில் இதற்கும் பங்கு இருக்கக்கூடும். மாதத்தில் 15 நாளாவது தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அது நாள்பட்டது என்று கணக்கு.

அதனால், வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எழுதுங்கள். தலைவலி நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை நாளுக்கு ஒரு வட்டம், மாதவிலக்கு நாளுக்கு ஒரு புள்ளி. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடிய நாளையும் குறியுங்கள், பசி இதற்குப் பெரிய எதிரி. ஒரு மாதம் ஆனதும் அந்தத் தாளோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரையை விடும்போது முதல் வாரம், பத்து நாள் வலி கூடும். எனக்கு ஐந்தாம் நாள் வாந்தியோடு தரையில் படுத்துக் கிடந்தேன். அதைத் தாண்டித்தான் வெளியே வர முடிந்தது. மருத்துவர் துணையோடு, லீவு கிடைக்கிற சமயமாகப் பார்த்துச் செய்யுங்கள். வலி வராமல் தடுக்கத் தினமும் போடும் மாத்திரைகள் தனியாக இருக்கின்றன. ப்ரோப்ரனலால் அதில் ஒன்று, ஆஸ்துமா இருந்தால் அது கூடாது, சொல்லிவிடுங்கள். அமிட்ரிப்டிலின் கொடுத்தால், "இது மனச்சோர்வுக்கான மாத்திரையாச்சே" என்று யாராவது சொல்லக்கூடும். பயந்து நிறுத்த வேண்டாம், குறைந்த அளவில் அது தலைவலிக்கே தரப்படுகிறது. எதுவானாலும் பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். கர்ப்பத்துக்குத் திட்டம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், சில மருந்துகள் குழந்தைக்கு ஆகாது.

திடீரென்று இதுவரை வராத அளவுக்கு இடி மாதிரி வலி வந்தாலோ, கை கால் ஒரு பக்கம் இழுத்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ மட்டும் காலண்டரை எல்லாம் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: தலைக்குக் குளித்தாலே எனக்குத் தலைவலி வருகிறது. இப்படி உண்டா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் இப்படிப்பட்ட 94 பேரைப் பற்றி 2006-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு, ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் கோயிலுக்குப் போகிறீர்களா? அப்படியென்றால் பசியும் வெயிலும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. குளித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று வளர்ந்தவள்தான் நானும். இப்போது இரண்டு இட்லி சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் குளித்து, முடியை நன்றாக உலர்த்திய பிறகே வெளியே கிளம்புகிறேன்.