மினி டிராக்டருக்கு இன்னும் பவர் வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மினி டிராக்டரைப் பற்றியவை. அதிலும் "இழுவை போதவில்லை" என்பதுதான் அதிகம். எழுதும்போது வண்டியின் மாடல், ஓடிய மணி நேரம், மண், பின்னால் மாட்டும் கருவி ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். அவை இல்லாத கடிதத்துக்கு உருப்படியாகப் பதில் எழுத முடியாது.

ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. 24 எச்.பி. வாங்கலாமா, 42 எச்.பி.யா? (பொள்ளாச்சி)

ஊடுபயிராகக் கோகோவோ ஜாதிக்காயோ இருந்தால் 24 முதல் 27 எச்.பி.க்குள் ஃபோர் வீல் டிரைவ் வாங்குங்கள். வெறும் தென்னை என்றால் 25 அடி இடைவெளியில் பெரிய வண்டியும் தாராளமாகப் போகும். ஆனால் பெரிய வண்டி கைக்கு வந்தால் ஆழமாக ஓட்டத் தோன்றும், வேர் அறுபடும். மட்டை தூளாக்கும் இயந்திரம்தான் உங்கள் கணக்கு என்றால், அவற்றில் பெரும்பாலானவை 35 எச்.பி.க்கு மேல் கேட்கும். வருஷத்துக்கு நாலு நாள் வேலைக்காகப் பெரிய வண்டி வேண்டாம். அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

24 எச்.பி. வண்டிக்கு 5 அடி ரோட்டாவேட்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது. போடலாமா? (அரூர்)

வேண்டாம். எஞ்சினில் 24 என்றால், ரோட்டாவேட்டர் கத்திகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டான பிடிஓவுக்கு வருவது 20, 22தான். செம்மண்ணில் 4 அடி, கரிசலில் மூன்றரை. அதற்கு மேல் போகாதீர்கள்.

டிராக்டர் இழுக்க மாட்டேன்கிறது. உடனே பதில் போடவும். (ஊர் இல்லை)

என்ன டிராக்டர்? எங்கே இழுக்கவில்லை, உழவிலா, டிரெய்லரிலா? புகை கறுப்பா, வெள்ளையா? ஒன்றுமே எழுதாமல் உடனே பதில் கேட்டால் எப்படி? சரி, எல்லோருக்கும் சொல்வதையே சொல்கிறேன். முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். ஆயில் கிண்ணம் உள்ள வகை என்றால் அடியில் சேறு தட்டியிருக்கும், கழுவிப் புது ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றுங்கள். பேப்பர் ஃபில்டர் என்றால் உள்ளிருந்து வெளியே காற்றடிக்க வேண்டும், வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தூசி இன்னும் இறுகும். அடுத்து டீசல் ஃபில்டர். அதற்கடுத்து ரேடியேட்டர் இடுக்கில் அடைத்திருக்கும் சருகு. இந்த மூன்றையும் பார்த்த பிறகு, மாடலோடு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

5 கொத்து கலப்பை போட்டால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது. எஞ்சின் திணறவில்லை. 27 எச்.பி.க்கு மாறிவிடலாமா? (அருப்புக்கோட்டை)

மாற வேண்டாம். எஞ்சின் திணறாமல் சக்கரம் வழுக்கினால் உங்களிடம் பவர் மிச்சமிருக்கிறது, அது மண்ணில் இறங்கவில்லை என்று அர்த்தம். வழுக்கல் எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே வயலில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை டேப்பில் பிடியுங்கள். அப்புறம் கலப்பையை இறக்கி உழுதபடி பத்துச் சுற்று. முதலில் 30 மீட்டர், உழும்போது 24 மீட்டர் என்றால் வழுக்கல் 20 சதவீதம். பத்து, பதினைந்து வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் டீசலும் டயரும் வீண்.

மருந்து எடைதான். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு மேலே வரும்படி திருப்பி, வால்வு வழியாக வழியும் வரை தண்ணீர் நிரப்புங்கள். டயர் முக்கால் பங்கு நிறைந்திருக்கும். மினி டிராக்டர் டயருக்கு ஏறக்குறைய 60 லிட்டர் பிடிக்கும், இரண்டுக்கும் சேர்த்து 120 கிலோ. மீதிக்குக் காற்றடித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கலப்பையில் இரண்டு கொத்தைக் கழற்றுங்கள்.

பம்பில் டீசலைக் கூட்டி 24 எச்.பி.யை 30 ஆக்கித் தருகிறேன், இரண்டாயிரம் ரூபாய்தான் என்கிறார் மெக்கானிக். 27 எச்.பி. மாடலிலும் இதே எஞ்சின்தானே? (செங்கம்)

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை எழுதியும் ஓயவில்லை. இன்னொரு முறை முழுதாகவே எழுதுகிறேன்.

எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பில் கம்பி கோத்து சீல் வைத்திருக்கிறார்களே, அதை வெட்டி ஸ்க்ரூவைத் திருகினால் ஒவ்வொரு அடிக்கும் டீசல் கூடுதலாக இறங்கும். ஆனால் காற்று? ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 15 கிலோ காற்று வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலும் காற்று மிச்சமிருந்தால்தான் டீசல் எஞ்சின் புகையில்லாமல் ஓடும். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சின் உறிஞ்சும் காற்று சிலிண்டரின் அளவைப் பொறுத்தது, நீங்கள் திருகுவதால் அது கூடாது. முதல் வாரம் வண்டி பாய்வது உண்மைதான். அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான் ஊரெல்லாம் பரப்புகிறார்கள்.

அதன் பிறகு நடப்பதை யாரும் சொல்வதில்லை. மிச்ச டீசல் தாமதமாக எரிந்து பிஸ்டன் தலையையும் எக்ஸாஸ்ட் வால்வையும் சுட்டுக்கொண்டே இருக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். டிப் ஸ்டிக்கைத் தொட்டால் ஆயில் தண்ணீராக வழியும், டீசல் வாடை அடிக்கும். பிஸ்டன் ரிங் கரி பிடித்து இறுகிப்போகும். இப்படித் திருகிய எஞ்சின்களைப் பிரித்தபோது பிஸ்டன் தலை ஓரம் உருகி, ரிங்கை நகத்தால் அசைக்கக்கூட முடியாமல் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த விவசாயிகள் நகை வைத்து எஞ்சின் வேலை பார்த்தார்கள். திருகிய மெக்கானிக்கோ "ஆயில் சரியில்லை" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சீல் வெட்டியதால் வாரன்டியும் போய்விடும், கேட்க ஆளே கிடையாது.

இன்னும் சிலர் எஞ்சின் வேகத்துக்கு வரம்பு கட்டும் கவர்னர் ஸ்க்ரூவையும் திருகி ஆர்.பி.எம்.மை ஏற்றுகிறார்கள். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்றைத் தாண்டிச் சுற்றும், ரோட்டாவேட்டர் கத்தி தெறித்தால் ஆள் உயிருக்கே ஆபத்து.

27 எச்.பி. மாடலில் இதே எஞ்சின்தானே என்கிறீர்கள். பிளாக் ஒன்றாக இருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் நாசில், ரேடியேட்டர், கிளட்ச் தட்டு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படியே எஞ்சின் தாங்கினாலும் அடுத்துக் கிளட்ச் நழுவும். தயவுசெய்து பம்ப் சீலைத் தொடாதீர்கள்.

டர்போ தனியாக வாங்கி மாட்டலாமா? (ஒட்டன்சத்திரம்)

கூடாது. அதற்கேற்ற பிஸ்டனும் ஆயில் வரத்தும் இல்லாமல் டர்போ மட்டும் நிற்காது.

15 எச்.பி. வண்டியில் பழைய 25 எச்.பி. எஞ்சினை ஏற்றலாமா? (ஆத்தூர்)

கியர் பாக்ஸும், பின் அச்சைச் சுழற்றும் பல்சக்கரங்களான கிரவுன் பினியனும் 15க்குச் செய்தவை, பல் உடையும். ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் சொல்கிறது. விற்றுவிட்டு 25 எச்.பி. வண்டியாகவே வாங்குங்கள்.

கீழே நன்றாக ஓடிய வண்டி இங்கே கேரட் தோட்டத்தில் திணறுகிறது. (ஊட்டி)

வண்டியில் கோளாறு இல்லை. ஆயிரம் அடி ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் சுமார் 3 சதவீதம் பவரை இழக்கும். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல், ஆக 20 சதவீதம் போய்விடும். உங்கள் 24 எச்.பி. அங்கே 19தான். ரோட்டாவேட்டரை அரை அடி குறைத்து, ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள். ஏர் கிளீனர் அங்கே இன்னும் முக்கியம். காற்று குறைந்த இடத்தில் பம்பைக் கூட்டினால் கரிப்புகைதான் கூடும், தொடாதீர்கள். சரிவில் குறுக்கே ஓட்டவும் கூடாது.

பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் ஓட்ட எது சரி? (கம்பம்)

மூன்றரை அடி அகலத்துக்குள், ரோல் பார் (கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு) மடிகிற மாடல், புகைக் குழாய் கீழ்நோக்கி இருப்பது. எச்.பி. 20 போதும். பந்தலை விட்டு வெளியே வந்ததும் ரோல் பாரை நிமிர்த்தி பெல்ட் போடுங்கள். பார் மடிந்திருக்கும்போது பெல்ட் போடக் கூடாது.

மூன்று சிலிண்டரா, இரண்டா? எந்தக் கம்பெனி? (மூன்று பேர்)

சிலிண்டரை எண்ணாதீர்கள். மத்தியப் பிரதேசம் பூத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம், தான் பரிசோதித்த ஒவ்வொரு மாடலுக்கும் அறிக்கை தருகிறது. பிடிஓவில் உண்மையில் எவ்வளவு பவர், இழுக்கும் கொக்கியில் எவ்வளவு, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று எல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். முப்பது கிலோமீட்டருக்குள் சர்வீஸ் இல்லாத கம்பெனியும் வேண்டாம். ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, கொட்டேஷனில் சரிபாருங்கள்.

சேற்று உழவுக்கு 24 எச்.பி. தாங்குமா? பின் டயரில் தண்ணீர் நிரப்பலாமா? (மன்னார்குடி)

ஃபோர் வீல் டிரைவும், டயரோடு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான அரை கேஜ் வீலும் இருந்தால் தாங்கும். தண்ணீர் நிரப்பாதீர்கள். மேலே அருப்புக்கோட்டைக்காரருக்குச் சொன்னது காய்ந்த மண்ணுக்கு. களிச்சேற்றில் மினி டிராக்டரின் பலமே அதன் லேசான எடைதான். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் முன் ஆக்ஸில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

வண்டி புதைந்துவிட்டால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கவே எடுக்காதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். கருவியைக் கழற்றிவிட்டு ரிவர்ஸில் எடுங்கள். வரவில்லை என்றால் இறங்கிவிட்டு, இன்னொரு வண்டியைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லுங்கள்.