தாமஸ் ஹாப்ஸ் மன்னர் கட்சியா, க்ரோம்வெல் கட்சியா? அவர் நாத்திகரா?

17ம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசியல் தத்துவவாதி ஹாப்ஸ். காலேஜ்ல எங்களுக்கு ஹாப்ஸ்னா "மன்னராட்சிக்காரர்", அவ்ளோதான், பரிட்சைல எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. அப்புறமா அவரோட முக்கியமான புத்தகம் லெவியாத்தனோட பின்பாதிய படிச்சப்பதான் தலை சுத்துச்சு, ஏன்னா புத்தகத்துல கிட்டத்தட்ட பாதி மதம்தான், அத யாரும் சிலபஸ்ல வைக்கிறதில்ல.

இங்கிலாந்துல மன்னருக்கும் பார்லிமென்ட்டுக்கும் உள்நாட்டுப் போர் வெடிக்கிறதுக்கு முன்னாடி, 1640லயே ஆளு பாரிஸுக்கு ஓடிட்டார் (ஓடினவங்கள்ல நான்தான் முதல் ஆளுன்னு பின்னாடி அவரே எழுதினார்). அங்க அடைக்கலமா வந்த இளவரசருக்கு, அதாவது பின்னாள் ரெண்டாம் சார்லஸுக்கு, கணக்கு வாத்தியார். அதுவரைக்கும் மன்னர் ஆளுதான், சந்தேகமே இல்ல. போர்ல தளபதி க்ரோம்வெல் இருந்த பார்லிமென்ட் பக்கம் ஜெயிச்சு, 1649ல மன்னர் முதலாம் சார்லஸ் தலைய வெட்டிட்டாங்க, 1651ல லெவியாத்தன் வருது, அதுவும் குடியரசு நடக்குற லண்டன்ல. உன்ன எவன் காப்பாத்துறானோ அவனுக்குத்தான் கீழ்ப்படியணும்னு முடிக்கிறார். தோத்துப்போய் நாடு விட்டு நாடு கிடக்கிற அரச கட்சிக்காரங்க வயிறு எரியாதா?

ஆனா அதவிட பெரிய குத்து பிஷப்புகளுக்கு. உங்க அதிகாரம் கடவுள்கிட்டேர்ந்து நேரா வரல, ஆட்சி குடுத்தாதான் உண்டு, பைபிளுக்கு அர்த்தம் சொல்ற உரிமையும் ஆட்சிக்குத்தான்னுட்டார். 47வது அதிகாரத்துல, பிஷப்பும் வேணாம் பிரெஸ்பிட்டீரியனும் (பிஷப் இல்லாம மூப்பர் சபை நடத்துற சர்ச்) வேணாம், அவனவன் இஷ்டப்படி போற இண்டிபெண்டன்ட் வழிதான் ஒருவேளை நல்லதோன்னு வேற எழுதிட்டார், அது க்ரோம்வெல் ஆளுங்க வழி. பாரிஸ்ல சார்லஸோட அரசவைல கதவ சாத்திட்டாங்க, போப்ப வாரினதால பிரெஞ்சு பாதிரிமார் பயம் வேற, ஊர் திரும்பி புது அரசுக்கு அடங்கிட்டார்.

ஏன்யா இப்படி எழுதுறன்னு மன்னர் கட்சிப் பிரமுகர் கிளாரண்டன் கேட்டதுக்கு, ஊருக்குப் போகணும்போல இருக்குன்னாராம். சொன்னது அவர ஆகாதவர்தான், இருந்தாலும் நான் நம்புறேன். அதுக்காக பச்சோந்தின்னு சொல்லமாட்டேன். போரையே மூட்டிவிட்டது பிரசங்க மேடைங்கதான்னு அவருக்கு உறுதியான எண்ணம், எந்தக் கொடி பறந்தாலும் பாதிரிக்குத் தனி அதிகாரம் கூடாது, அந்த விஷயத்துல மட்டும் ஆளு அசையவே இல்ல.

நாத்திகரான்னா, 1647ல சாகக் கிடந்தப்ப நண்பர் மெர்சென் கத்தோலிக்கத்துக்குக் கூப்பிட்டார், வேணாம்னுட்டு ஜான் கோசின்கிற பாதிரிகிட்ட ஆங்கிலிகன் (இங்கிலாந்து சர்ச்) முறைப்படி நற்கருணை வாங்கிக்கிட்டார். சாகப்போறவனுக்கு அதுல என்ன லாபம்? அதே ஆளு கடவுளுக்கும் உடல் உண்டு, செத்தா ஆன்மா தனியா எங்கயும் போகாதுன்னும் எழுதினவர், அந்தக் காலத்துல அதுக்குப் பேரு நாத்திகம்.

1660ல மன்னர் திரும்ப வந்து பழைய வாத்தியாருக்கு வருஷம் 100 பவுண்டு பென்ஷன் போட்டார். பிஷப்புகதான் மறக்கல. 1666ல நாத்திகத்துக்கு எதிரான மசோதாவ பார்த்த பார்லிமென்ட் கமிட்டி லெவியாத்தன பேர் சொல்லியே விசாரிக்கக் கெளம்புச்சு, அப்ப கெழவருக்கு வயசு 78.