துபாய் டாக்ஸியில் கேட்ட அந்த அரபுப் பாட்டு

வணக்கம் நண்பரே. மெதுவான பாட்டு, பெண் குரல், 'ஷாதி' என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது, எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் பாட்டுகளில் தேடியும் சிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது லெபனான் பாடகி ஃபைரூஸ் பாடிய 'ஷாதி'. ஆக்கம் ரஹ்பானி சகோதரர்கள்.

பாட்டில் ஒரு பெண் தன் சிறுவயதுக் கதையைச் சொல்கிறாள்; காட்டுப் பக்கமிருந்து அவளோடு விளையாட வரும் சிறுவன்தான் ஷாதி. குன்றுப் பக்கம் சண்டை நெருங்க, வேடிக்கை பார்க்க ஓடுகிறான். அவள் கூப்பிடக் கூப்பிடப் போனவன் திரும்பவே இல்லை. கடைசிப் பகுதியைக் கட்டாயம் பொறுமையாகக் கேளுங்கள்: 20 முறை பனி வந்து போகிறது, அவள் வளர்ந்துவிட்டாள், ஷாதி மட்டும் இன்னும் சின்னப் பையனாகவே பனியில் விளையாடுகிறான். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதுவும் 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடிக்கும் முன்பே வந்த பாட்டு!

யூடியூபில் ஃபைரூஸ், ஷாதி இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள், கிடைத்துவிடும்.