3, 3, 8, 8 வச்சு 24 கொண்டு வர முடியுமா? கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் பிராக்கெட் மட்டும்தான்

வரும். என்னைய ஒரு ராத்திரி தூங்க விடாத கணக்கு இது, அதனால எங்க மாட்டுவீங்கன்னு முதல்ல சொல்லிடறேன்.

8ஐயும் 3ஐயும் பாத்த உடனே 8×3=24 வந்துருச்சேன்னு எல்லாரும் குஷியாயிடுவோம். அப்புறம் மிச்சம் நிக்கிற இன்னொரு 8ஐயும் 3ஐயும் எங்க ஒளிக்கிறது? 0 ஆக்கி கூட்டணும், இல்ல 1 ஆக்கி பெருக்கணும், அந்த ரெண்டு நம்பர்ல ரெண்டுமே வராது. அங்கயே சுத்திட்டு இருந்தா விடிஞ்சுரும்.

பின்னாடி இருந்து வாங்க. 8ஐ எதால வகுத்தா 24? 1/3ஆல. சரி மிச்சம் இருக்கற 3, 3, 8ல 1/3 வருமா, 3ங்கறது 9/3, அதுல 8/3 போனா 1/3, அவ்ளோதான்:

8 ÷ (3 − 8 ÷ 3) = 24

நடுவுல பின்னம் வந்தா தப்பா போறோம்னு நமக்கு ஒரு பழக்கம், அதான் இது யாருக்கும் சட்டுனு தோண மாட்டேங்குது.

இப்ப அந்த பிராக்கெட்ட மட்டும் எடுத்துட்டு போன் கால்குலேட்டர்ல 8÷3−8÷3ன்னு அடிங்க, 0 வரும், ஸ்கூல்ல படிச்ச போட்மாஸ்படி (BODMAS, எந்தக் குறிய முதல்ல போடணும்ங்கற விதி) ரெண்டு வகுத்தலும் முதல்ல முடிஞ்சுரும்ல. அதையே மளிகைக்கடையில வச்சிருக்கற சாதா கால்குலேட்டர்ல தட்டினா −1.777ன்னு காட்டும், அது பாவம் வர்ற வரிசையிலயே போட்டுட்டு போற ஆளு. குறியும் நம்பரும் மாறவே இல்ல. நாலு நம்பருக்கு பிராக்கெட் போட மொத்தம் 5 விதம், இதுல அஞ்சும் அஞ்சு விடை: 0, −16/9, −8/15, −4.8, 24.

இந்த நாலு நம்பர 6 விதமா அடுக்கலாம், நடுவுல மூணு இடத்துல குறி போட 64 விதம், பிராக்கெட் 5, ஆக 1920. அத்தனையிலயும் 24 வர்றது மேல இருக்கற ஒண்ணே ஒண்ணுதான். நான் முதல்ல குருட்டாம்போக்குல போட்டுப் பாத்தேன், பேப்பர்தான் வேஸ்ட்.

போட்மாஸ்ல இன்னொரு வம்பு, அந்தப் பேர்ல கூட்டலோட A, கழித்தலோட Sக்கு முன்னாடி வர்றத அப்படியே நம்பி கூட்டல முதல்ல பண்றவங்க நிறைய. 10−4+3 எவ்ளோன்னு கேட்டா 3ம்பாங்க. 9தான். கூட்டல் கழித்தல் ரெண்டும் ஒரே அந்தஸ்து, இடமிருந்து வலமா போகணும், பெருக்கல் வகுத்தலும் அப்படித்தான்.

என் அக்கா பையன் இத பாத்துட்டு "மாமா, பின்னம் வரலாம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல"ன்னு சண்டைக்கு வந்தான். சரின்னு 1, 5, 5, 5 குடுத்தேன், அதுலயும் 24தான் வரணும். உங்களுக்கும் அதேதான், 4.8 எங்க கிடைக்கும்னு மட்டும் தேடுங்க.