சூப்பர்மார்க்கெட்டில் அலமாரி அடுக்கிய கர்ட் வார்னர் நேராக சூப்பர் பவுல் ஜெயித்தது உண்மையா? அப்படி ஓர் அதிர்ஷ்டம் நமக்கும் அடிக்குமா?

கேள்வியில் "நேராக" என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். வார்னர் அமெரிக்கக் கால்பந்து வீரர், சூப்பர் பவுல் என்பது அந்த ஆட்டத்தின் பெரிய லீகுடைய இறுதி ஆட்டம். அங்கே அவர் நேராக வரவில்லை. நடுவில் மூன்று முழுப் பருவங்கள், 1995, 1996, 1997, அயோவா மாநிலத்தின் டி மொய்ன் நகரில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆடினார். முதல் இரண்டு பருவமும் நான் பக்கத்து ஊரில்தான் இருந்தேன். அரங்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நீங்கள் படிப்பை முடித்துவிட்டு, இன்னும் சரியான வேலை அமையாமல், யாரோ பகிர்ந்த ஊக்கக் கதையைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: இரவில் கடையில் டப்பா அடுக்கினார், அப்புறம் உலக சாம்பியன் ஆனார். அந்த "அப்புறம்" என்ற சொல்லுக்குள் மூன்று வருட உழைப்பைப் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. ஏன் பொறுக்காது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் நடந்தது. வார்னர் அயோவாவில் பிறந்தவர். நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் வரை மாற்று ஆட்டக்காரராகவே உட்கார்ந்திருந்தார். 1994இல் பெரிய லீகில் எந்த அணியும் அவரைத் தேர்வு செய்யவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அணி பயிற்சி முகாமுக்கு மட்டும் கூப்பிட்டது. அங்கே பந்தை எறியும் அதே இடத்துக்குப் பிரெட் ஃபாவ்ர் உட்பட மூன்று பேர் அவருக்கு முன்னால் இருந்தார்கள். பருவம் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டார்கள். சீடர் ஃபால்ஸ் ஊரில் ஹைவீ கடையில் மணிக்கு 5.50 டாலர் சம்பளத்துக்கு இரவு வேலை பார்த்தது அப்போதுதான். அது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

இனி அந்த அணி. அவர்கள் ஆடிய உள்ளரங்க ஆட்டத்துக்கு அரீனா கால்பந்து என்று பெயர், அதை உருவாக்கியவர் ஜிம் ஃபாஸ்டர். 1981இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் (நாம் கால்பந்து என்பது) ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்கக் கால்பந்தையும் இப்படி ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் அடக்கினால் என்ன என்று தோன்றி, கையிலிருந்த உறையின் மேலேயே மைதானத்தைக் கிறுக்கினார். 1987இல் நான்கே அணிகளோடு லீக் தொடங்கியது. அந்த நான்கில் மூன்று சில வருடங்களிலேயே மூடிவிட்டன. நான்காவதான பிட்ஸ்பர்க், ஊர் மாறி டாம்பாவுக்குப் போனது. அப்படி அணிகள் வருவதும் போவதுமாக இருந்த காலத்தில்தான் 1995இல் ஃபாஸ்டரே டி மொய்னில் பார்ன்ஸ்டார்மர்ஸைத் தொடங்கினார். அயோவாவில் பெரிய லீக் அணி எதுவும் கிடையாது. பயிற்சியாளராக வந்தவர் ஜான் கிரெகரி. கனடாவில் சஸ்காட்செவான் அணிக்கு 1989இல் அந்த நாட்டுக் கால்பந்து லீகின் கிரே கோப்பையை வாங்கித் தந்தவர்.

நான் அப்போது ஏம்ஸில் இருக்கும் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். 1994 ஆகஸ்டில் போனேன். டி மொய்ன் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். ஆய்வகத்தில் என்னோடு ஒரு நண்பன் இருந்தான், சோளம் விதைக்கும் குடும்பத்துப் பையன். அவனுடைய அப்பா முதல் பருவத்துக்கே இருக்கை எடுத்துவிட்டார். அவர் மனைவிக்குக் கூட்டம் பிடிக்காது, அதனால் ஒரு இருக்கை காலியாகும். அதில் என்னை உட்கார வைத்தார்கள்.

வெட்டரன்ஸ் மெமோரியல் ஆடிட்டோரியம் என்பது அரங்கத்தின் பெயர். ஊர்க்காரர்கள் "பார்ன்" என்பார்கள், தானியக் களஞ்சியம் என்ற பொருளில். 1955இல் கட்டியது. சுமார் 11,000 பேர் உட்காரலாம். வீரர்களின் ஹெல்மெட்டில் பழைய காலத்து விமானிகள் போடும் கண்ணாடி வரைந்திருக்கும். பார்ன்ஸ்டார்மர் என்றால் 1920களில் ஊர் ஊராகப் போய் வானத்தில் சாகசம் காட்டிய விமானிகள்.

நாங்கள் உட்கார்ந்தது நான்காவது வரிசை. மைதானத்தையும் பார்வையாளரையும் பிரிப்பது இடுப்பளவு சுவர் ஒன்றுதான், மெத்தை சுற்றிய சுவர். முதல் நாளே, பந்தைப் பிடிக்கத் தாவிய ஒருவர் அந்தச் சுவரில் மோதி, அப்படியே தலைகுப்புற முதல் வரிசைக்குள் விழுந்தார். ஒரு பாட்டியின் பாப்கார்ன் முழுக்க அவர் மேல். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவர் முழங்கையைப் பார்த்தேன். செயற்கைப் புல் உரசி உரசித் தோல் போய், சின்னச் சின்னப் புள்ளியாக ரத்தம் அரும்பியிருந்தது. அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சுவரைத் தாண்டிக் குதித்து ஆட்டத்தைத் தொடர ஓடினார். இதை சர்க்கஸ் என்று எழுதுகிறவர்கள் அந்த முழங்கையைப் பார்த்ததில்லை.

ஆட்டம் எப்படி என்று கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். சாதாரண மைதானம் 100 கஜம் நீளம். இங்கே பாதி, 50 கஜம். அகலமும் 160 அடிக்குப் பதில் 85 அடி. பக்கத்துக்கு 11 பேருக்குப் பதில் 8 பேர். கோல் கம்பங்களுக்கு இரண்டு பக்கமும் உயரமாக வலை கட்டியிருக்கும், வலையில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில்தான் இருக்கும். முடியவில்லை என்றால் பந்தைத் தூரமாக உதைத்து எதிராளியிடம் தள்ளிவிடுகிற வசதி இங்கே கிடையாது. பந்து ஆட்டத்துக்கு வரும் முன்பே ஒரு வீரர் முன்னோக்கி முழு வேகத்தில் ஓடிவரலாம். அதோடு பெரும்பாலான வீரர்கள் தாக்குதல், தடுப்பு இரண்டுமே ஆடவேண்டும், மூச்சு வாங்க நேரமில்லை.

இதில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் நிலைமையை யோசியுங்கள். எதிராளி கையெட்டும் தூரத்தில் வருகிறான். எறிய வேண்டிய சந்து ஒரு ஆள் அகலம். இரண்டு மூன்று நொடிக்குள் பந்து கையை விட்டுப் போகவேண்டும். இரு அணிகளுமே பந்து கிடைக்கும்போதெல்லாம் புள்ளி எடுக்கும் ஆட்டம் இது. ஐம்பது புள்ளி சர்வ சாதாரணம். அதனால் ஒரே ஒரு தடவை சொதப்பினாலும் தோல்வி. வார்னரே தொடக்கத்தில் தடுமாறினார். 13ஆம் எண் சட்டைக்காரர் எறிந்த பந்து சுவருக்கு வெளியே போனபோது, நண்பனின் அப்பா தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். வேறொன்றும் சொல்லமாட்டார். கிரெகரி அவரை வெளியேற்றவில்லை. போகப் போக அந்தப் பந்துகள் ஓடுகிறவனுடைய நெஞ்சுக்கு நேரே, அவன் திரும்பிப் பார்க்கும் முன்பே போய்ச் சேரத் தொடங்கின. 1996 பருவத்தில் அதை வாரத்துக்கு வாரம் கண்ணால் பார்க்க முடிந்தது. மூன்று பருவத்தில் 183 டச்டவுன், அதாவது எதிராளியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுக்கும் எறிதல், எறிந்தார். 1996, 1997 இரண்டு வருடமும் லீகின் சிறந்த வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

1996இல் அணி 12 வெற்றி, 2 தோல்வி. இறுதி ஆட்டம் எங்கள் பார்னிலேயே, ஆகஸ்ட் 26, டாம்பா பே ஸ்டார்முக்கு எதிராக. நான்கு அணிகளில் தப்பிப் பிழைத்த அந்தப் பழைய பிட்ஸ்பர்க் அணிதான். எனக்கு அன்றைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, நண்பனின் அம்மா அந்த ஒரு நாள் வருகிறேன் என்றுவிட்டார். விடுதிச் சமையலறையில் தட்டு கழுவும் வேலையில் இருந்தேன். வானொலியை நீராவி படாமல் ரொட்டி அலமாரிக்கு மேலே வைத்துக் கேட்டோம். 38க்கு 42 என்று தோற்றார்கள். கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றது ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடம் மறுபடி இறுதிக்குப் போய், பீனிக்ஸில் அரிசோனா ராட்லர்ஸிடம் 33க்கு 55 என்று தோற்றார்கள். நான் அதற்குள் அப்பாவின் உடல்நிலைக்காகக் கோவை திரும்பிவிட்டேன், நண்பன் மின்னஞ்சலில் எழுதினான்.

"அவர் பெரிய திறமைசாலி, எங்கே ஆடியிருந்தாலும் வந்திருப்பார்" என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். திறமை 1994இலும் இருந்ததே, அப்போது ஏன் அனுப்பினார்கள்? இன்னும் சிலர் "நீ என்ன பயிற்சியாளரா?" என்பார்கள். இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன். அரீனாவில் ஆடிய எல்லோரும் மேலே போனார்கள் என்றும் சொல்லவில்லை. பெரும்பாலோர் போகவில்லை. ஒரு ஆட்டம் முடிந்து மைதானத்துக்குள் இறங்கி வீரர்களிடம் கையெழுத்து வாங்க விட்டார்கள். மலை மாதிரி இருந்த ஒரு தடுப்பு வீரர், மறுநாள் காலை ஆறு மணிக்கு லாரி ஓட்டப் போகவேண்டும் என்று நண்பனின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு சூப்பர் பவுல் இல்லை. அவர் ஆடியதும் ஆட்டம்தான்.

அதிர்ஷ்டம் பற்றிக் கேட்டீர்கள். இருந்தது, இரண்டு பக்கமும். 1997இல் பெரிய லீகின் சிகாகோ பேர்ஸ் அணி அவரைச் சோதித்துப் பார்க்க நினைத்த நேரத்தில், தேனிலவுக்குப் போன இடத்தில் எறியும் கையில் பூச்சி கடித்து முழங்கை வீங்கிவிட்டது. வாய்ப்பு போச்சு. 1998இல் ஆம்ஸ்டர்டாமில் ஆடினார், பிறகு பெரிய லீகின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மூன்றாவது குவார்ட்டர்பேக்காகச் சேர்ந்தார். 1999 ஆகஸ்டில் முதல் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்காலில் அடிபட்டது. அது வார்னருக்கு அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவு திறந்தபோது உள்ளே போன ஆள் 41 டச்டவுன் எறிந்து லீகின் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில் நடந்த சூப்பர் பவுலில் டென்னசி டைட்டன்ஸை 23க்கு 16 என்று வென்றபோது 414 கஜம் எறிந்தார். எதிராளி நெருங்குவதற்குள் பந்தை விட்டுவிடும் அந்தக் கையை நான் ஏற்கெனவே பார்னில் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செய்தியைக் கோவையில் ஒரு பிரவுசிங் சென்டரில் படித்தேன். பக்கம் மெதுவாக மேலிருந்து கீழே திறந்தது. தலைப்பில் சூப்பர்மார்க்கெட், உள்ளே சூப்பர்மார்க்கெட், கடைசிப் பத்தியில் "சில காலம் அரீனாவிலும் ஆடினார்" என்ற பொருளில் ஒரே ஒரு வரி. இன்னொரு கட்டுரை திறந்தேன், அதிலும் அப்படித்தான். மூன்று வருடம், இரண்டு இறுதி ஆட்டம், ஒரு வரி.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது அந்த வருடக் கடைசியில்தான் எனக்கே புரிந்தது. 1997லிருந்து கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன், மொத்தம் ஒன்பது பேர். பம்பு செட் செய்யும் பட்டறைகளுக்கு இருப்புக் கணக்கு, பில் போடும் மென்பொருள் எழுதுவோம். நிரல் எழுதுவது நான், நிறுவுவது நான், ராத்திரி பத்து மணிக்குப் பட்டறை முதலாளி போன் செய்தால் டி.வி.எஸ். 50இல் போய் இறங்குவதும் நான். ஒரு தடவை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு பட்டறையில் மொத்தக் கணக்கும் அழிந்துபோய், காகித பில்லை வைத்து விடிய விடிய மறுபடி ஏற்றினேன். அந்த மூன்று வருடத்தில் கற்றதை நான் வேறெங்கும் கற்றதில்லை.

2000 கடைசியில் சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் நேர்முகம். பெயர் வேண்டாம். எதிரே இருந்தவர் என் விண்ணப்பத்தில் அமெரிக்கப் படிப்பு வரை விரல் வைத்துப் படித்தார். அடுத்த வரியில் விரலை எடுத்துவிட்டார். "இந்த மூணு வருஷத்தை எக்ஸ்பீரியன்ஸா எடுத்துக்க முடியாதுங்க, ஃப்ரெஷர் கிரேடுலதான் போட முடியும்" என்றார். நான் அந்த ஆயுத பூஜை விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வீட்டு நிலைமைக்காக அந்த கிரேடிலேயே சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் என்னைவிட நான்கு வயது இளையவர்கள். சம்பளத்தில் அந்த வித்தியாசம் சரியாவதற்கு ஆறு வருடம் ஆனது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தோன்றினால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். ஆனால் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சின்னக் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் விரலை எடுக்காதீர்கள். அங்கே என்ன செய்தாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். 2000 பருவத்தோடு அணியை விற்று, நியூயார்க் டிராகன்ஸ் என்று ஆக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். நண்பனின் அப்பா அந்த வருடம் மைதானத்தின் பேச்சையே எடுக்கவில்லையாம். பிறகு அதே பெயரில் சின்ன லீகில் அணி திரும்ப வந்தது, நடுவில் நின்றது, மறுபடி வந்தது. 2018இல் இன்டோர் ஃபுட்பால் லீக் கோப்பையை வென்றார்கள். பழைய பார்ன் இப்போது மாநாட்டுக் கூடம்.

2017இல் வார்னர் பெயரைப் புரோ ஃபுட்பால் புகழ் அரங்கில் சேர்த்தபோது நண்பன் ஒரு புகைப்படம் அனுப்பினான். 1995 பருவத்து டிக்கெட்டின் பாதி, நான்காவது வரிசை. அவன் அப்பா விதைச்சோள ரசீதுகளோடு சேர்த்து வைத்திருந்தாராம். இரண்டு இருக்கைக்கும் இருந்தது.