உங்களுக்குப் பிடித்த புகைப்படக் கலைஞர் யார்? புதிதாகக் கற்பவன் யாருடைய படங்களைப் பார்க்க வேண்டும்?

புதுக் கேமரா வாங்கியிருக்கிறீர்கள், அநேகமாகத் தவணையில். இல்லையென்றால் இந்தக் கேள்வி வராது.

ரகு ராய் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், தப்பில்லை. ஆனால் நான் கடலூர்க்காரன், கல்யாணப் போட்டோகிராபர். என்னைக் கேட்டால் ஆர்கோ தத்தா என்பேன், அதுவும் ஒரே ஒரு படத்துக்காக.

அந்தப் படம் எங்கள் ஊரில் எடுத்தது. 2004 டிசம்பர் 28, சுனாமி வந்து மூன்றாம் நாள். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காக எடுத்தார். ஒரு பெண் மணலில் விழுந்து அழுகிறார், உள்ளங்கை இரண்டும் வானத்தைப் பார்த்து விரிந்திருக்கின்றன. இறந்துபோன உறவினரின் முகம் படத்தில் கிடையாது. ஓரத்தில் ஒரு கை மட்டும் கிடக்கிறது. அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது அதற்குத்தான். விருதுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காரணம் வேறு.

அப்போது நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிற பையன். 27-ஆம் தேதி காலை முதலாளி பென்டாக்ஸ் கே1000 கேமராவைக் கையில் கொடுத்து, "டேய், அடையாளம் தெரியாத பாடியெல்லாம் போட்டோ எடுத்துத் தரச் சொல்றாங்க. முகம் தெளிவா விழணும், அவ்வளவுதான்" என்று அனுப்பிவிட்டார். உள்ளே ஏற்கெனவே பாதி ஓடிய ஃபிலிம் ரோல். கிறிஸ்துமஸ் அன்று முதுநகரில் ஒரு வீட்டில் கேக் வெட்டியதை அதில்தான் எடுத்திருந்தோம். மிச்சமிருந்ததில் பதினான்கு முகங்கள் எடுத்தேன். கை நடுங்கியதால் இரண்டு ஆடிப்போயின. ரோல் கழுவி வந்தபோது ஒரே துண்டு நெகட்டிவில் இந்தப் பக்கம் மெழுகுவத்தி ஊதும் குழந்தை, அந்தப் பக்கம் மணல் ஒட்டிய முகம். கேக் வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது என்று முதலாளி கத்தரியால் நடுவே வெட்டினார். சத்தமே போடாமல் வெட்டினார். வழக்கமாக வாய் ஓயாத மனிதர்.

பிணத்தைப் படம் எடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறான் என்று யாராவது வருவீர்கள். பெருமை இல்லை, வேலை. மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். அந்தப் பதினான்கில் ஒன்றை வைத்து ஒருவர் தன் அண்ணனைக் கண்டுபிடித்தார்.

பிப்ரவரியில் ஆர்கோ தத்தாவின் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். எங்கள் ஊர் மணல். நான் பதினான்கு முறை முகத்துக்கு நேராகக் குனிந்தேன், இந்த மனுசன் ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார். என் படம் முகத்தோடு இருந்தாக வேண்டும், அவர் படத்தில் முகம் இருந்திருந்தால் பேப்பரைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். எதை ஃபிரேமுக்கு வெளியே விடுவது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு அந்த ஒரு படம் போதுமாக இருந்தது.

இதே மாதிரி இன்னொன்று பாருங்கள். 1984 போபால் விஷவாயுச் சாவில் ஒரே குழந்தையின் புதைப்பை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியோ கலரிலும் எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். நம் ஆளாகவும் ஒருவர் வேண்டுமென்றால் எம். பழனி குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். தூய்மைப் பணியாளர்களையும் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும் வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி எடுக்க மாட்டார்.

இப்போது கல்யாணத்தில் ஃபிரேம் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் முன்னால் நாற்பது செல்போன் நிற்கிறது. பிறகு "ஏன் அண்ணா, தாலி முடிச்சு சரியா தெரியல?" என்று கேள்வி. போன வைகாசியில் முடித்த ஒரு ஆல்பம் இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. பாக்கிப் பணம் கேட்டால் மாப்பிள்ளை துபாய் போய்விட்டாராம். பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், ஆல்பம் அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

அண்ணனைக் கண்டுபிடித்தவர் என்று சொன்னேனே, அவர் முதலாண்டு திதிக்கு முன்னால் ஸ்டுடியோவுக்கு வந்தார். வீடே போனதில் போட்டோ எல்லாம் போய்விட்டது, சுவரில் மாட்ட ஒன்று வேண்டும். கையில் இருந்தது நான் எடுத்த படம் மட்டும், கண் மூடிய முகம். "இதுலயே கண்ணைத் திறந்து குடுங்கண்ணே" என்றார். அப்போதெல்லாம் கண்ணைத் திறந்து கொடுப்பது ஸ்டுடியோக்களில் சாதாரண வேலைதான். முதலாளி மாட்டேன் என்றுவிட்டார். அவர்கள் ஊரில் நாங்கள் எடுத்த கல்யாணங்களின் நெகட்டிவ் கவர்களை எல்லாம் இறக்கி, லைட் பாக்ஸில் வைத்து இரண்டு ராத்திரி தேடினோம். 2001-இல் எடுத்த ஒரு குரூப் போட்டோவில், பின்வரிசையில், யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னால் அவர் அண்ணன் நின்றார். சிரிக்கவில்லை, ஆனால் கண் திறந்திருந்தது. பெரிதுபண்ணியபோது புள்ளி புள்ளியாகத்தான் வந்தது, இடது காதைத் தோள் மறைத்திருந்தது. காதை வரைந்து தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்று செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.