லோகக்ஷேமருக்குச் சீனம் போதவில்லையா?

கேள்வி: மகாயான பௌத்த நூல்களைச் சீனத்தில் முதன்முதலாகப் பெயர்த்த லோகக்ஷேமர், மூலச் சொற்கள் பலவற்றைப் பெயர்க்காமல் ஒலியாகவே எழுதிவைத்தார் என்று படித்தேன். அவருக்குச் சீன மொழி போதவில்லை என்று இதைக் கொள்ளலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அப்படிக் கொள்வதற்கு முன், எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். குஷாணர் நாட்டிலிருந்து ஹான் பேரரசின் தலைநகரான லுவோயாங்குக்கு வந்த யுவேஜி இனத்தவரான இவரைச் சீனர் தம் ஏடுகளில் ‘ஜி’ என்ற இன அடைமொழியோடு குறித்துள்ளனர். அவர் பெயரில் வழங்கும் ‘பிரத்யுத்பன்ன சமாதி சூத்திரம்’ என்ற நூலுக்கு ஒரு பழைய பின்குறிப்பு உண்டு. கி.பி. 179ஆம் ஆண்டு, சீனக் கணக்கில் பத்தாம் மாதம் எட்டாம் நாள், லுவோயாங்கில் நடந்ததை அது சொல்கிறது: இந்தியத் துறவி ஒருவர் மூலத்தை ஓதினார், லோகக்ஷேமர் அதைக் கேட்டுச் சீனத்தில் எடுத்துச் சொன்னார், அவ்வூர்க்காரரான மெங் ஃபூ தூரிகையால் எழுதிக்கொண்டார். ஆக, இன்று நாம் வாசிக்கும் சீன வாக்கியம் ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டு, இன்னொருவர் செவியில் நுழைந்து, மூன்றாமவர் கையில் முடிந்தது. இதில் மொழிக்குறையை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

ஒலிபெயர்ப்பு மிகுதி என்பது உண்மைதான். புத்தரைக் குறிக்கும் ‘ததாகதர்’ என்ற சொல்லுக்கு அவர் நூல்களில் வரும் நான்கு எழுத்துகளை இன்றைய உச்சரிப்பில் ‘தா-சா-ஆ-ஜியே’ என்று படிக்கலாம். எழுத்துக்கு எழுத்து பொருள் தேடிப் பழகிய சீன வாசகருக்கு இத்தொடரில் ஒன்றும் பிடிபடாது. நமக்குத் தற்சமம், தற்பவம் என்று வடசொல்லை வாங்கிக்கொள்ள ஒரு வழி இருந்தது. எழுத்துதோறும் பொருள் சுமக்கும் மொழியில் வெறும் ஒலியை நுழைப்பது அதைவிடக் கடினம். அவருக்கு முன்னரே, 148இல் லுவோயாங் வந்த பார்த்தியரான (பழைய ஈரான் நாட்டவரான) அன் ஷிகாவ் என்ற மொழிபெயர்ப்பாளர், சீனச் சொற்களையே பெரிதும் நாடியிருந்தார். எனவே வேறு வழி தெரியாமல் லோகக்ஷேமர் இப்படிச் செய்தார் என்பதற்கில்லை. ஏற்கெனவே வேறு பொருள் ஏறிய சீனச் சொல்லால் மூலக்கருத்து திரிந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இதில் இருந்தது என்றே நான் கருதுகிறேன். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்பட்டியல் தொகுத்த சீனத் துறவி செங்யூவும், லோகக்ஷேமர் மூலக்கருத்தை ஆய்ந்து பிடித்தார், அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை என்றே பாராட்டுகிறார்.

ஆனால் லோகக்ஷேமருக்கு அடுத்த நூற்றாண்டிலேயே, அதாவது 3ஆம் நூற்றாண்டில், அவருடைய மாணவருக்கு மாணவரான ஜி சியென் இந்நடையை மெருகேற்ற முனைந்தார். லோகக்ஷேமரும் பெயர்த்திருந்த ‘பிரஜ்ஞாபாரமிதை’ என்ற மகாயான நூலின் தலைப்பையே பெயர்த்து, ‘தெளிவால் கரைகடத்தல்’ என்ற பொருள்பட ‘மிங் து’ ஆக்கினார். படிக்க இனிமைதான், மூலத்தின் ஒலி அங்கே போயிற்று.

அந்த ஒலிதான் இன்று ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. ‘ததாகத’ என்பதன் இரண்டாம் எழுத்துக்கு நேராக ‘ச’ ஒலி வருவது வடமொழி வழக்கன்று, காந்தாரி என்ற பழைய பிராகிருத மொழியின் வழக்கு. ஓதப்பட்ட மூலம் வடமேற்கு இந்தியாவின் அப்பேச்சுமொழியில் இருந்திருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு இது ஒரு சான்று. காந்தாரி மொழியில், கரோஷ்டி எழுத்தில், பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய பிரஜ்ஞாபாரமிதைச் சுவடித் துண்டுகள் அண்மைக் காலத்தில் கிடைத்து, 2012இல் அச்சேறியபோது, அவற்றோடு ஒப்பிட ஆய்வாளர்கள் எடுத்துவைத்துக்கொண்ட சீன நூல்களில் லோகக்ஷேமருடையது முதன்மையானது.